பணித்தளத்தில் பிறக்கும் மூலதனம்

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இயங்கிய ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம், 1898ஆம் ஆண்டில் தன் தொழிலாளர்களிடமிருந்து ஆலோசனைகளைக் கேட்டுப் பெறும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அத்திட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட முதல் பரிசுத் தொகை இரண்டு டாலர். பரிசு பெற்ற தொழிலாளி பெரிய இயந்திரம் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. உற்பத்திக் கூடத்தின் சன்னல் கண்ணாடிகளைக் கழுவித் தூய்மையாக வைக்க வேண்டும் என்பதே அவர் தெரிவித்த யோசனை. அன்றாடம் அந்தக் கூடத்தில் நின்று வேலை செய்தவருக்குத் தெரிந்த ஒரு குறையை, நிர்வாகம் காது கொடுத்துக் கேட்டது. பணம் கொடுத்துப் பாராட்டவும் செய்தது.

எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 1975ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாஸன், படச்சுருள் இல்லாமல் படம் எடுக்கும் கருவி ஒன்றை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள அக்கருவி, ஒரு படத்தை ஒலிநாடாப் பேழையில் பதிவு செய்ய 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. படத்தைத் தொலைக்காட்சித் திரையில்தான் காண முடிந்தது. உலகின் முதல் டிஜிட்டல் கேமரா என்று இன்று போற்றப்படுவது இதுவே. 1978இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஆயினும் படச்சுருள் விற்பனையில் பெரும் இலாபம் ஈட்டிக்கொண்டிருந்த நிர்வாகத்திற்கு, படச்சுருளே வேண்டாத ஒரு கருவியை முழுமனத்தோடு வளர்க்கத் துணிவு வரவில்லை. பின்னாளில் அந்நிறுவனம் டிஜிட்டல் துறையில் இறங்கியபோது போட்டியாளர்கள் முந்திச் சென்றிருந்தனர். 2012 சனவரியில் கோடக் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

கண்ணாடியைக் கழுவச் சொன்னவருக்குச் செவி சாய்த்த ஒரு நிறுவனம், தன் எதிர்காலத்தையே கையில் ஏந்தி வந்தவருக்கு அதே அளவு செவி சாய்க்கவில்லை. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தொழில் நடத்துவோர் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று எழுகிறது. நம் நிறுவனத்தில் பணியாற்றுவோரின் மனத்தில் உதிக்கும் புதிய எண்ணங்கள் நம் மேசை வரை வந்து சேர்கின்றனவா? சேர்ந்தால், அவற்றுக்கு என்ன நேர்கிறது?

இருப்புநிலைக் குறிப்பில் இடம்பெறாத சொத்து

கடன் கோரி வரும் நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பை ஆராய்வது வங்கித் துறையில் உள்ள எங்களுக்கு அன்றாடப் பணி. நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கிருப்பு, வரவேண்டிய தொகைகள் என அனைத்தும் அதில் மதிப்பிடப்பட்டிருக்கும். இயந்திரத்தின் முன் பதினைந்து ஆண்டுகளாக நிற்கும் தொழிலாளியின் தலையில் உள்ள அறிவுக்கு மட்டும் அதில் ஒரு வரி கிடையாது. ஆனால் இயந்திரம் எந்நேரத்தில் அதிகமாகச் சூடேறும், எந்த வேலையில் மூலப்பொருள் வீணாகிறது, எந்தப் பொருள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும் என்பனவற்றை அவர் அறிந்திருப்பார். முதலாளி மாத இறுதியில் கணக்கில் காணும் இழப்பை அவர் அன்றன்றே கண்ணால் காண்கிறார்.

இதன் பணமதிப்பை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு சிறு தொழிற்கூடம் மாதம் 40 இலட்சம் ரூபாய்க்கு மூலப்பொருள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வெட்டும் முறையில் ஒரு சிறு மாற்றத்தைத் தொழிலாளி ஒருவர் கூற, கழிவு 2 விழுக்காடு குறைகிறது. மாதம் 80,000 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம். அந்நிறுவனத்தின் இலாப விகிதம் விற்பனையில் 8 விழுக்காடு எனில், இதே தொகையை விற்பனையைப் பெருக்கி ஈட்ட 1 கோடியே 20 இலட்சம் ரூபாய்க்குக் கூடுதல் விற்பனை வேண்டும். அதற்குக் கூடுதல் நடைமுறை மூலதனம் வேண்டும். புதிய வாடிக்கையாளர் வேண்டும். நிலுவைத் தொகையை வசூலிக்கும் கவலையும் உடன் வரும். தொழிலாளியின் யோசனைக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை.

மற்றொரு கணக்கு. அதே கூடத்தில் 45 நாள் தேவைக்கு மூலப்பொருள் இருப்பு வைக்கப்படுகிறது. பண்டகக் காப்பாளர், பொருள்களை அடுக்கும் முறையையும் கேட்புப் பட்டியல் அனுப்பும் நாளையும் மாற்றினால் 30 நாள் இருப்பே போதும் என்கிறார். 60 இலட்சமாக இருந்த இருப்பு 40 இலட்சமாகக் குறைகிறது. 20 இலட்சம் ரூபாய் விடுபடுகிறது. வட்டி 10 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் சேமிப்பு. புத்தாக்கம் என்றவுடன் வெள்ளை அங்கி அணிந்த ஆய்வாளர்களையே நாம் எண்ணிக்கொள்கிறோம். பண்டக அறையில் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பவரும் புத்தாக்கம் செய்ய வல்லவரே.

ஆலோசனைப் பெட்டியின் வரலாறு

தொழிலாளரின் யோசனைக்குப் பரிசளிக்கும் வழக்கம் கோடக்கிற்கும் முந்தையது. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் கப்பல் கட்டும் தொழில் நடத்திய வில்லியம் டென்னி, 1880ஆம் ஆண்டிலேயே இத்தகைய திட்டத்தைத் தம் தொழிலகத்தில் நடைமுறைப்படுத்தினார். நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரின் டாடா எஃகு ஆலையில் 1930களில் ஆலோசனைப் பெட்டித் திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு மணி நேர வேலை நாளை 1912ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்ட ஆலை அது என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமாகும். தொழிலாளியின் உடல்நலனை மதித்த இடத்தில்தான் அவருடைய அறிவையும் மதிக்கும் வழக்கம் வேர்விட்டது.

இவ்வரலாற்றில் வங்கியாளர்களுக்கும் தொழில் முனைவோர்க்கும் ஒருசேரப் பாடம் தருவது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நிறுவனம் கடும் பண நெருக்கடியில் சிக்கியது. வங்கிகள் கூட்டாகக் கடன் அளித்துக் காப்பாற்ற முன்வந்தபோது, ஆட்குறைப்பும் அதன் பகுதியாக அமைந்தது. 1950இல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேறினர். நிறுவனத்தைத் தோற்றுவித்த கீச்சிரோ டொயோடாவும் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டில் நிறுவனத்தின் நிர்வாகிகளான எய்ஜி டொயோடாவும் ஷோய்ச்சி சைட்டோவும் அமெரிக்கா சென்று ஃபோர்டு ஆலையைப் பார்வையிட்டனர். பெரும் இயந்திரங்களுக்கு நடுவே அங்கு நடைபெற்ற ஆலோசனைத் திட்டமும் அவர்கள் கருத்தைக் கவர்ந்தது. இயந்திரம் வாங்கப் பணமில்லாத நிறுவனத்தால், பணியாளரின் அறிவைப் பயன்படுத்த இயலும் அல்லவா? 1951இல் டொயோட்டாவில் ஆலோசனைத் திட்டம் தொடங்கியது. இன்றளவும் அது நடைமுறையில் உள்ளது.

இதில் கருத்தில் கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. வேலை பறிபோகுமோ என்ற அச்சத்தில் உள்ளவர், வேலையை எளிதாக்கும் வழியைச் சொல்ல மாட்டார். தம் யோசனையால் மூவர் செய்த பணியை இருவர் செய்யலாம் என்றாகி, அந்த மூன்றாமவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அந்தத் தொழிற்கூடத்தில் அதன்பின் ஒருவரும் வாய் திறக்க மாட்டார். டொயோட்டாவில் தொழிற்சங்கமும் நிர்வாகமும் ஒருவரையொருவர் நம்பி நடப்பதெனக் கூட்டறிக்கை வெளியிட்டது 1962இல்தான். ஆலோசனைப் பெட்டியை ஒரே நாளில் சுவரில் மாட்டிவிடலாம். அதனுள் சீட்டு விழுவதற்கான நம்பிக்கையை வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அதே 1962ஆம் ஆண்டில், பேராசிரியர் கவோரு இஷிகாவாவின் முயற்சியால் ஜப்பானில் தர வட்டங்கள் தோன்றின. ஒரே பிரிவில் பணியாற்றும் சிலர் வாரந்தோறும் சிறிது நேரம் கூடி, தம் பணியில் உள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, காரணத்தை ஆராய்ந்து, தீர்வைத் தாமே சோதித்துப் பார்ப்பது தர வட்டத்தின் முறை. நம் நாட்டில் இது 1980இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஹைதராபாத் ஆலையில் முதன்முதலாகத் தொடங்கியது. 1982இல் இந்தியத் தர வட்டப் பேரவை நிறுவப்பட்டது. 1998இல் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தரத்துக்கான டெமிங் பரிசை இந்தியாவில் முதலாவதாகப் பெற்றது. ஒவ்வொரு பணியாளரும் மேம்பாட்டில் பங்கேற்கும் முழுமையான தர நிர்வாகமே இப்பரிசுக்குக் கருதப்படும் அளவுகோல். தொடர்ந்து 2002இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும், 2003இல் மஹிந்திராவின் வேளாண் கருவிப் பிரிவும் இப்பரிசைப் பெற்றன.

தடையை மீறியும் வளர்ந்த எண்ணம்

அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் 1920களில் ரிச்சர்ட் டிரூ என்ற இளைஞர் பணிபுரிந்தார். உப்புத்தாள் மாதிரிகளைக் கார் பட்டறைகளுக்குக் கொண்டு செல்வது அவர் பணிகளில் ஒன்று. அக்காலத்தில் கார்களுக்கு இரு வண்ணம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு வண்ணத்தை மறைக்க ஒட்டிய தாளைப் பிரிக்கும்போது வண்ணமும் உரிந்து வந்ததால் பட்டறைக்காரர்கள் மனம் நொந்தனர். அதைக் கண்ட டிரூ, எளிதில் பிரியும் ஒட்டுநாடாவைச் செய்து தருவதாகக் கூறினார். நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான வில்லியம் மெக்நைட், அந்த வேலையை விட்டுவிட்டு வழக்கமான பணிக்குத் திரும்புமாறு அவரிடம் கூறினார். டிரூ விடவில்லை. தேவைப்பட்ட இயந்திரத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, தம் அதிகாரத்துக்கு உட்பட்ட 100 டாலர் வரம்பைத் தாண்டாமல் சிறு சிறு கொள்முதல்களாகப் பிரித்து அதை வாங்கினார் என்பது அந்நிறுவனத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1925இல் அந்த ஒட்டுநாடா விற்பனைக்கு வந்தது. 1930இல் அவரே உருவாக்கிய ஒளிபுகும் ஒட்டுநாடாவும் வந்து நிறுவனத்தின் போக்கையே மாற்றியது.

செலவு அதிகாரத்தைப் பிரித்து வரம்பை மீறும் முறையை வங்கி அலுவலர்கள் பரிந்துரைக்க முடியாது. தணிக்கையாளர்களும் ஏற்க மாட்டார்கள். ஆயினும் இச்செய்தியில் மெக்நைட் நடந்துகொண்ட விதமே நம் கவனத்துக்கு உரியது. தாம் தடுத்தது தவறு என்பதை அவர் ஒரு பாடமாகக் கொண்டார். பொறுப்பைப் பகிர்ந்தளிக்க வேண்டும், பணியாளர் செய்யும் பிழைகளைப் பொறுக்க வேண்டும், பிழை நேர்ந்தபோது கடுமையாகச் சாடும் நிர்வாகம் முன்முயற்சியைக் கொன்றுவிடும் என்ற கருத்துகளை 1948இல் நிறுவனத்தின் கொள்கையாகவே வகுத்தார். பணி நேரத்தில் 15 விழுக்காட்டைத் தம் விருப்பத்துக்கு உரிய ஆய்வில் செலவிடலாம் என்ற வழக்கமும் அங்கு வளர்ந்தது.

அந்தச் சூழலின் பயன் ஒன்றை நம் அலுவலக மேசைகளில் காணலாம். 1968இல் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர், வலுவாக ஒட்டாமல் எளிதில் பிரிந்து வரும் பசை ஒன்றைக் கண்டார். அதற்குப் பயன் எதுவும் தெரியவில்லை. ஆயினும் அதை அவர் தூக்கி எறியாமல் உடன் பணியாற்றியோரிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1974இல் ஆர்ட் ஃபிரை என்ற மற்றோர் ஊழியர், தேவாலயப் பாடல் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள்கள் நழுவி விழுவதைக் கண்டு அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த ஒட்டுக் குறிப்புத்தாள் அவ்வாறு பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த எண்ணம் அது. பயன் தெரியாத ஒன்றைப் பதிவு செய்து வைப்பதும், பிறரிடம் பகிர்ந்துகொள்வதும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இது காட்டுகிறது.

இயலாது என்ற சொல்லுக்கு மறுமொழி

சில நேரங்களில் எண்ணம் மேலிருந்து வரும். அதை நிறைவேற்றும் வழியைப் பணித்தளம் காண வேண்டும். ஓசூரில் ஆலை அமைத்துள்ள டைட்டன் நிறுவனத்தின் தலைவர் ஜெர்க்ஸஸ் தேசாய், மிக மெல்லிய கைக்கடிகாரம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற அறைகூவலைத் தம் பொறியாளர்கள் முன் வைத்தார். கடிகாரத் தொழிலில் பல தலைமுறை அனுபவம் உள்ள சுவிட்சர்லாந்து வல்லுநர்கள், நீர் புகாத வகையில் அத்துணை மெல்லிதாகச் செய்வது இயலாது என்றனர். ஓசூர்ப் பொறியாளர்கள் சில ஆண்டுகள் முயன்றனர். உள்ளியக்கம் 1.15 மில்லிமீட்டர் தடிமனும், கடிகாரம் முழுவதும் 3.5 மில்லிமீட்டர் தடிமனுமாக அமைந்த டைட்டன் எட்ஜ் 2002இல் வெளிவந்தது. உறுப்பு ஒன்றை மெல்லிதாக்கினால் அதைத் தாங்கும் உறுப்பையும் மாற்ற வேண்டும். அதைப் பொருத்தும் கருவியையும் மாற்ற வேண்டும். வடிவமைப்பாளர் வரைந்ததைப் பொருத்துநர் கைகளில் நிறைவேற்றும் வரை அது வெறும் படமே. அவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பேசிக்கொள்ள முடிந்ததை இவ்வெற்றியின் ஒரு காரணமாக நாம் கருதலாம்.

பெயர் யாருக்கு?

புத்தாக்கம் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் தொடாமல் விடும் கேள்வி ஒன்றுண்டு. எண்ணம் வெற்றி பெற்றால் பெயர் யாருக்குச் சேரும்?

ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் மருத்துவமனையில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞர் பணியாற்றினார். பள்ளிக் கல்வி அதிகம் பெறாதவர். சிற்பம் முதலிய கைத்தொழில்களில் வல்லவர். காலிழந்தோருக்கு அந்நாளில் பொருத்தப்பட்ட மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் விறைப்பானது. காலணியோடு மட்டுமே அணியத் தக்கது. அதை அணிந்தவர் குந்தவோ, சம்மணமிட்டு அமரவோ, வெறுங்காலோடு வயலில் இறங்கவோ முடியாது. எலும்பியல் மருத்துவர் பி.கே. சேத்தியும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் உடலியல் அறிவைத் தர, சர்மா தம் கைத்திறனைத் தர, ரப்பரைப் பதப்படுத்தும் உள்ளூர்த் தொழில்நுட்பம் துணைசெய்ய, 1968ஆம் ஆண்டையொட்டி ஜெய்ப்பூர்ப் பாதம் உருவாயிற்று. 1975இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி அதை ஏழை எளியோருக்கு இலவசமாகக் கொண்டு சேர்த்தது. 1981இல் மருத்துவர் சேத்திக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. அது தகுதியானவருக்குச் சென்ற விருது என்பதில் ஐயமில்லை. எனினும் ராம்சந்திர சர்மாவின் பெயரை அறிந்தோர் இன்றும் சிலரே. கையும் கல்வியும் இணைந்து செய்த ஒரு பணியில், கல்விக்குக் கிடைக்கும் வெளிச்சம் கைக்குக் கிடைப்பதில்லை என்பது நம் நாட்டின் தொழிற்கூடங்கள் பலவற்றிலும் காணப்படும் நிலைதான்.

பணப் பரிசைவிடப் பெயரே பலருக்குப் பெரிது. மேற்பார்வையாளர் தம் யோசனையைத் தமதாகக் கூறிப் பாராட்டுப் பெற்றதை ஒருமுறை கண்ட தொழிலாளி, மறுமுறை மேற்பார்வையாளரிடம் எதையும் கூறமாட்டார். நமது காப்புரிமைச் சட்டமும் இதை உணர்ந்தே இயற்றப்பட்டுள்ளது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், கண்டுபிடிப்பாளரின் பெயர் அதில் குறிப்பிடப்படுவதற்கு வழிவகை செய்கிறது. காப்புரிமையின் பயன் 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆவணத்தில் பதிந்த பெயர் நிலைத்திருக்கும்.

தொழிலாளரின் யோசனைகளை நாடு பாராட்டும் வழியும் உண்டு. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் வழங்கும் விசுவகர்மா ராஷ்ட்ரிய புரஸ்கார் என்ற விருது, தம் தொழிலகத்தின் ஆலோசனைத் திட்டத்தின் வாயிலாக உற்பத்தித் திறன், பாதுகாப்பு, தரம் ஆகியவற்றை உயர்த்தும் யோசனைகளைத் தந்த தொழிலாளர்களுக்கானது. 1965ஆம் ஆண்டில், தொடக்கத்தில் வேறு பெயரில், இது நிறுவப்பட்டது. தம் தொழிலாளியின் பெயரை இதற்குப் பரிந்துரைக்க ஒரு நிறுவனத்தில் முறையான ஆலோசனைத் திட்டம் நடைபெற வேண்டும். திட்டம் தொடங்க இதுவும் ஒரு காரணமாகலாம்.

தோல்வியைப் பதிவு செய்யும் துணிவு

புதிய முயற்சிகளில் பல தோற்கும். தோற்றவரைத் தண்டிக்கும் நிறுவனத்தில் தோல்விகள் குறைவதில்லை, மறைக்கப்படுகின்றன. டாடா குழுமம் தன் நிறுவனங்களிடையே நடத்தும் இன்னோவிஸ்டா என்ற புத்தாக்கப் போட்டியில், 'முயலத் துணிக' என்ற பொருளில் ஒரு பரிசுப் பிரிவு உண்டு. நன்கு திட்டமிட்டு, நேர்மையாக முயன்று, எதிர்பார்த்த பயன் கிட்டாத முயற்சிகளுக்கே அப்பரிசு. தோல்வியைக் கொண்டாடுவது இதன் நோக்கமன்று. ஒரு குழு தோற்ற வழியில் மற்றொரு குழு மீண்டும் சென்று பணத்தை இழக்கக் கூடாது என்பதே இதனால் விளையும் பெரும் நன்மை.

வங்கித் தொழிலில் பொதுமக்களின் வைப்புத் தொகையைக் காக்கும் கடமை இருப்பதால், எங்களுக்கு எச்சரிக்கை இயல்பாகவே அமைகிறது. ஆயினும் எங்கள் துறையும் புத்தாக்கத்தால் வளர்ந்ததே. ஷில்லாங்கில் பிறந்த ஜான் ஷெப்பர்டு பேரன், சாக்லேட் வழங்கும் இயந்திரத்தைப் போலப் பணம் வழங்கும் இயந்திரம் ஏன் இருக்கக் கூடாது என எண்ணினார். அவர் பணியாற்றிய டி லா ரூ நிறுவனம் உருவாக்கிய இயந்திரத்தை, 1967 சூன் 27 அன்று லண்டனை அடுத்த என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி திறந்தது. ஆறு இலக்கங்களை நினைவில் வைக்க அவர் எண்ணியிருக்க, தம்மால் நான்கைத்தான் நினைவில் வைக்க முடியும் என்று அவர் மனைவி கூறியதால் நான்கு இலக்கமாக்கியதாக அவரே கூறியுள்ளார். பயன்படுத்தப் போகிறவரின் ஒரு சொல், வடிவமைப்பாளரின் பல நாள் கணக்கைத் திருத்தி அமைக்கும் என்பதற்கு இது சான்று. வாடிக்கையாளரோடு நேரில் பேசும் விற்பனையாளர், ஓட்டுநர், பழுது நீக்குபவர் ஆகியோரே அத்தகைய சொல்லை முதலில் கேட்பவர்கள்.

சிறு நிறுவனங்கள் செய்யத் தக்கவை

ஆய்வுக்கூடம் அமைக்க வசதியில்லாத நிறுவனங்களும் பின்வருவனவற்றைச் செலவின்றியோ சிறு செலவிலோ செய்யலாம்.

முதலாவதாக, யோசனைகளுக்கென ஒரு பதிவேடு வைக்க வேண்டும். நாள், கூறியவர் பெயர், யோசனை, எடுத்த முடிவு, காரணம் ஆகிய ஐந்து பத்திகள் போதும். எழுதத் தயங்குவோரின் யோசனையைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவரைப் பணிக்கலாம்.

இரண்டாவதாக, குறித்த நாளுக்குள் மறுமொழி கூற வேண்டும். ஏழு நாள் என வைத்துக்கொண்டால் நன்று. 'இயலாது' என்ற மறுமொழியைக் காரணத்தோடு கூறினால் தொழிலாளி ஏற்றுக்கொள்வார். பதிலே வராததுதான் ஆலோசனைப் பெட்டிகளைத் தூசி படியச் செய்கிறது.

மூன்றாவதாக, சோதனைச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அதில் சிறு தொகை வரை மேற்பார்வையாளரே அனுமதிக்கும் அதிகாரத்தை வெளிப்படையாக அளிக்க வேண்டும். அவ்வாறு அளித்தால் டிரூவைப் போல் எவரும் சுற்றுவழி தேட வேண்டியிராது. ஒதுக்கிய தொகை முழுவதும் வீணானாலும் தொழில் தாங்கும் அளவில் அது இருக்க வேண்டும்.

நான்காவதாக, சேமிப்பில் பங்கு தர வேண்டும். முதலாண்டுச் சேமிப்பில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு என விதியை முன்பே அறிவித்துவிட்டால், பரிசு முதலாளியின் மனநிலையைப் பொறுத்து அமையாது. குழுவாகக் கூறிய யோசனைக்குக் குழுவுக்கே பரிசளிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, யோசனையால் எவர் வேலையும் போகாது என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும். மிச்சப்படும் உழைப்பை வேறு பணிக்கு மாற்றும் திட்டமும் உடன் இருக்க வேண்டும். முன்னர்க் கூறிய நான்கும் இந்த ஐந்தாவதைச் சார்ந்தே பயன் தரும்.

காப்புரிமையும் கடனும்

யோசனை உண்மையிலேயே புதிய கண்டுபிடிப்பாக அமைந்தால், அதைக் கண்காட்சியில் வைப்பதற்கும் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கும் முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்தல் நலம். வெளியில் தெரிந்துவிட்டால் புதுமை என்ற தகுதியையே இழக்க நேரிடலாம். கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெரு நிறுவனங்கள் இணையவழி விண்ணப்பத்துக்கு 8,000 ரூபாய் செலுத்த, சிறு நிறுவனங்களும் தனியாட்களும் 1,600 ரூபாய் செலுத்தினால் போதும் என 2020இல் விதி திருத்தப்பட்டது. பதிலாளர் கட்டணம், ஆய்வுக் கட்டணம் போன்றவை இதற்குப் புறம்பானவை.

பணம் திரட்டும் முறையில் எச்சரிக்கை ஒன்றை இங்கு அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். நடைமுறை மூலதனக் கடனிலிருந்து பணம் எடுத்துச் சோதனைகளில் முடக்குவது சிறு நிறுவனங்கள் பலவற்றிலும் காணப்படும் வழக்கம். மூலப்பொருள் வாங்கவும் ஊதியம் தரவும் உரிய பணம், எப்போது திரும்பும் எனத் தெரியாத முயற்சியில் சிக்கிக்கொண்டால், நல்ல யோசனையே நிறுவனத்தைத் தவணை தவற வைத்துவிடும். அவ்வாறு நேர்ந்தால் துன்பம் முதலாளியோடு நிற்காது. யோசனை கூறிய தொழிலாளியின் ஊதியமும் அதில் அடங்கியுள்ளது. தொடக்கச் சோதனையைச் சொந்த நிதியில் சிறிய அளவில் செய்ய வேண்டும். பயன் எண்ணிக்கையில் தெரிந்தபின், அதை விரிவாக்கத் தேவையான இயந்திரத்துக்குத் தவணைக் கடன் கோரலாம். அடமானம் வைக்கச் சொத்து இல்லாதோர், 2000ஆம் ஆண்டில் மத்திய அரசும் சிட்பியும் இணைந்து அமைத்த குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையின் திட்டம் தங்களுக்குப் பொருந்துமா எனத் தம் கிளையில் கேட்டறியலாம்.

கடன் விண்ணப்பத்தோடு அந்த யோசனைப் பதிவேட்டையும் கொண்டு வருமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம். சோதனைக்கு முன் கழிவு எவ்வளவு, பின் எவ்வளவு, எத்தனை மாதம் அளந்தீர்கள் என்ற விவரங்கள் அதில் இருந்தால், உங்கள் திட்ட அறிக்கையில் உள்ள எதிர்கால மதிப்பீடுகளுக்கு அவை வலுவான சான்றாகும். எதிர்காலத்தைப் பற்றி எவரும் அழகாக எழுதலாம். நடந்ததை நாள்தோறும் குறித்து வைத்த நிறுவனம், தன் தொழிலை அறிந்த நிறுவனம் என்பது எங்கள் அனுபவம்.

புதிய நிதியாண்டின் வரவு செலவுத் திட்டத்தை வகுக்கும்போது, இயந்திரத்துக்கும் விளம்பரத்துக்கும் ஒதுக்குவதோடு பணியாளரின் யோசனைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தொகை சிறிதாக இருக்கலாம். பின்னர் ஒருநாள் பணித்தளத்துக்குச் சென்று, அங்கு நெடுநாள் பணியாற்றும் ஒருவரிடம், "இந்த வேலையில் எது வீண் என்று நினைக்கிறீர்கள்?" எனக் கேளுங்கள். அவர் முதலில் தயங்குவார். மறுமொழி கிடைக்கும் வரை அங்கேயே சற்று நில்லுங்கள். கிடைத்ததை அவர் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.